ஒரு துளி இரத்தம் யாருடையது?

பசிபிக் மாகடலில், நியூசிலாந்துக்கு வடகிழக்கே, டோங்கா என்றொரு சிறிய முடியரசு உண்டு. தீவுகள் நூற்றுக்கு மேல். மக்களோ ஏறத்தாழ ஓர் இலட்சம் பேரே. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை புனித நாளாகக் காக்கப்பட வேண்டும் என்று அந்நாட்டு அரசியல் சட்டமே விதித்திருக்கிறது. அத்தகைய நாட்டில் 2000-ஆம் ஆண்டு நவம்பர் திங்களில் ஒரு செய்தி பரவியது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரைச் சேர்ந்த ஆட்டோஜென் என்னும் நிறுவனம், டோங்காவின் நலவாழ்வு அமைச்சகத்தோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டிருந்தது. மக்களின் இரத்தத்தையும் நோய்க் குறிப்புகளையும் திரட்டி, நீரிழிவு, உடற்பருமன் முதலிய நோய்களுக்கு வேராக நிற்கும் மரபணுக்களைத் தேடுவது அதன் நோக்கம். கைம்மாறாக, அமைச்சகத்தின் ஆய்வுப் பணிக்கு ஆண்டுதோறும் நிதி தரப்படும். கண்டுபிடிப்பினால் வருவாய் வந்தால் அதில் ஒரு பகுதி நாட்டுக்குக் கிடைக்கும். புதிய மருந்து பிறந்தால் டோங்கா மக்களுக்கு அது இலவசம்.

வாசிக்கும்போது நல்ல ஏற்பாடாகவே தோன்றுகிறது. நீரிழிவு நோய் மலிந்த தீவுகள் அவை. மருந்து வேண்டாம் என்று எவர் சொல்வார்? ஆனால் இச்செய்தி அம்மக்களை எவ்வழியாக வந்தடைந்தது என்பதைக் கவனித்தல் வேண்டும். ஆலய முற்றத்திலோ ஊர்ப் பெரியோர் அவையிலோ எவரும் வந்து எடுத்துரைக்கவில்லை. நிறுவனம் ஆஸ்திரேலியப் பங்குச் சந்தைக்கு அறிவிப்பு விடுத்தது. அதிலிருந்தே செய்தி கசிந்து தீவுகளுக்கு வந்தது. முதலீடு செய்வோர் முதலில் அறிந்தனர்; இரத்தம் கொடுக்க வேண்டியவர்கள் பின்னர் அறிந்தனர்.

எதிர்ப்பு எழுந்தது. டோங்காவின் மனித உரிமை, மக்களாட்சி இயக்கத்தார் முன்வைத்த ஒரு வாதம் நம் சிந்தனைக்கு மிகவும் உரியது. இரத்தம் கொடுப்பவர் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே ஒப்புதல் பெறப்படும் என்று நிறுவனத்தின் நெறிமுறை கூறியது. மேலைநாட்டாருக்கு அதுவே போதுமான அறம். டோங்கா மக்கள் வாழும் முறை வேறு. அங்கே பாட்டன், பாட்டி, சிற்றப்பன், அத்தை என விரிந்த பெருங்குடும்பம் கூடித்தான் பெரிய காரியங்களை முடிவு செய்யும். அக்குடும்பத்தைக் கேளாமல் ஒருவன் தன் கையொப்பத்தால் தன் குலத்தின் இரகசியத்தையே எழுதிக் கொடுத்துவிட முடியுமா என்று அவர்கள் கேட்டனர். 2001-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் டோங்கா திருச்சபைகளின் மன்றம் தலைநகரான நுகுஅலோஃபாவில் இதற்காகவே ஒரு கலந்தாய்வுக் கூட்டம் நடத்தியது. கடவுள் கொடையாகத் தந்த உயிரைக் கடைச்சரக்காக மாற்றலாகாது என்னும் கருத்து அங்கே வலுப்பெற்றது. ஆட்டோஜென் நிறுவனத்தின் திட்டம் டோங்கா மண்ணில் நிறைவேறாமலே போயிற்று.

இந்தச் சச்சரவு நமக்கு எதற்கு என்று சிலர் எண்ணலாம். இரத்தத்தைப் பரிசோதனைக்குக் கொடுப்பது நம் இல்லங்களில் புதியதன்று. சர்க்கரை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று பார்த்தபின் குப்பியைக் கழுவி வைத்துவிடுவார்கள் என்றே நாம் நினைத்திருக்கிறோம். காலம் மாறிவிட்டது. இன்று உலகின் பல நகரங்களில் 'உயிரி வங்கி' என்னும் நிலையங்கள் இயங்குகின்றன. இரத்த வங்கி வேறு, இது வேறு. இரத்த வங்கியில் சேர்வது சில வாரங்களுக்குள் ஒரு நோயாளியின் உடலில் ஏறிவிடும். உயிரி வங்கியில் சேர்வதோ உறைநிலைக்குக் கீழே 80 பாகை குளிரில் உறைய வைக்கப்பட்டு, பல்லாண்டுக் காலம் காத்துக் கிடக்கும். இன்று ஒரு நோயை அறிய எடுத்த குருதியை இருபது ஆண்டு கழித்து, இன்று பெயரே வைக்கப்படாத வேறோர் ஆய்வுக்கு எடுத்துப் பயன்படுத்தலாம். கொடுத்தவர் அப்போது உயிரோடு இருக்க வேண்டும் என்னும் கட்டாயமும் இல்லை.

அக்குருதியில் அப்படி என்னதான் இருக்கிறது? அதன் ஒவ்வொரு வெள்ளையணுவின் உள்ளேயும் ஏறக்குறைய 300 கோடி எழுத்துகளில் எழுதப்பட்ட ஒரு நீண்ட ஏடு சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அதற்கு மரபணுத் தொகுதி என்று பெயர். முதன்முதலாக ஒரு மனித ஏட்டைப் படித்து முடிக்கப் பல நாடுகளின் அறிஞர்கள் 13 ஆண்டுகள் உழைத்தார்கள். 2003-ஆம் ஆண்டில் அப்பணி நிறைவுற்றது. 270 கோடி டாலர் அளவுக்குச் செலவாயிற்று. இன்றோ ஆயிரம் டாலருக்கும் குறைவான செலவில், சில நாட்களில் ஒருவரது ஏட்டைப் படித்துவிடுகிறார்கள். அந்த ஏட்டில் சரிபாதி தந்தையிடமிருந்து வந்தது, மறுபாதி தாயிடமிருந்து வந்தது. உடன்பிறந்தார் இருவர் சராசரியாகப் பாதியைப் பொதுவாகக் கொண்டிருப்பர். ஆகவே, ஒருவர் தம் ஏட்டைப் பிறர் கையில் கொடுக்கும்போது, தம் தங்கையின் ஏட்டிலும் தம் பிள்ளைகளின் ஏட்டிலும் பல பக்கங்களைச் சேர்த்தே கொடுக்கிறார். அவர்களை யாரும் கேட்டதில்லை. தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்று நம் முன்னோர் சொன்னது உறவின் பாசத்தைக் குறித்து. மரபணு அறிஞர் ஆய்வுக்கூடத்தில் காண்பதும் ஏறக்குறைய அதுவேதான். டோங்காப் பெரியவர்களின் வாதம் பழமைவாதமன்று, அறிவியலுக்கு இசைந்த வாதமே என்பது நம் கருத்து.

இனி வேறொரு தீவுக்குச் செல்வோம். பாப்புவா நியூ கினியின் மலைக்காடுகளில் ஹகஹாய் என்னும் சிறு குலத்தார் வாழ்கின்றனர். 1984-ஆம் ஆண்டில்தான் அவர்கள் வெளியுலகத்தோடு நெருங்கிப் பழகத் தொடங்கினர். அதற்குக் காரணம் நோய். குலமே அழிந்துவிடுமோ என்னும் அச்சத்தில் மருத்துவ உதவி தேடி அவர்களே முன்வந்தனர். அப்போது அவர்கள் எண்ணிக்கை 300-ஐயும் எட்டவில்லை. உதவிக்கு வந்தவர்களுள் ஓர் அமெரிக்க மானிடவியல் அறிஞரும் இருந்தார். அவர் அம்மக்களுக்கு ஆற்றிய பணியைக் குறைத்துப் பேசுவது நீதியாகாது. 1989-இல் சிலரது குருதி எடுக்கப்பட்டது. இளைஞர் ஒருவரின் குருதி அணுக்களில் மனிதரைத் தொற்றும் ஒரு வகை வைரசின் புதிய வடிவம் காணப்பட்டது. அமெரிக்க அரசின் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் அவ்வணுக்களை ஆய்வுக்கூடத்தில் ஓயாது பெருகும்படி வளர்த்து, அந்த அணுத் தொடருக்குக் காப்புரிமை கேட்டன. 1995-ஆம் ஆண்டு மார்ச்சு 14-ஆம் நாள் அக்காப்புரிமை வழங்கப்பட்டது.

மலைக்காட்டில் கிழங்கு அகழ்ந்து வாழும் ஓர் இளைஞனின் உடலிலிருந்து வந்த அணுக்களுக்கு, அவன் பெயரையும் கேட்டறியாத ஒரு பேரரசு சட்டப்படி உரிமையாளர் ஆயிற்று! கனடாவிலிருந்து இயங்கிய ஒரு தன்னார்வ அமைப்பு இதை வெளிக்கொணர்ந்தபோது உலகெங்கும் கண்டனம் எழுந்தது. ஆய்வாளர் தரப்பில், வருவாய் வந்தால் பாதி ஹகஹாய் மக்களுக்கே என்று முன்னமே பேசிவைத்திருந்ததாகக் கூறப்பட்டது. அவ்வாறே இருந்திருக்கலாம். ஆனால் காப்புரிமை என்றால் இன்னதென்று அக்குலத்தாருக்கு அவர்கள் மொழியில் எவ்வாறு சொல்லியிருக்க முடியும் என்று நாம் கேட்காமல் இருக்க இயலவில்லை. 1996-இன் இறுதியில் அமெரிக்க நிறுவனம் அக்காப்புரிமையைக் கைவிட்டது. இதற்கு முன் பனாமா நாட்டின் குவாய்மி இனப் பெண் ஒருவரின் அணுக்களுக்காகச் செய்யப்பட்ட விண்ணப்பமும் எதிர்ப்பின் காரணமாக 1993-இல் திரும்பப் பெறப்பட்டது. 1997-ஆம் ஆண்டு நவம்பரில் யுனெஸ்கோ பேரவை மனித மரபணுத் தொகுதி பற்றிய உலகப் பறைசாற்றத்தை ஏற்றது. இயற்கை நிலையிலுள்ள மனித மரபணுத் தொகுதி பணவருவாய்க்கு இடமாகலாகாது என்று அதன் நான்காம் கூறு கூறுகிறது. 'இயற்கை நிலையிலுள்ள' என்ற சொற்றொடரைக் கவனியுங்கள். ஆய்வுக்கூடத்தில் சிறிது மாற்றியமைத்தபின் என்ன என்ற வினாவை அது திறந்தே விட்டுவிட்டது. சட்டம் எழுதுவோர் இத்தகைய சிறு சன்னல்களை வைக்க மறப்பதில்லை.

சன்னல் என்றதும் ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் வாழும் சான் மக்கள் நினைவுக்கு வருகின்றனர். வேட்டையாடியும் காய்கனி திரட்டியும் வாழ்ந்த பழங்குடியினர் இவர்கள். நமீபியா, போட்ஸ்வானா, தென்னாப்பிரிக்கா முதலிய நாடுகளில் மொத்தம் ஓர் இலட்சம் பேர் அளவில் இருக்கின்றனர். மனித குலத்தின் மிகப் பழைய கிளைகளுள் ஒன்று இவர்களுடையது என்று மரபணு அறிவியல் கண்டதால், உலகின் ஆய்வாளர்கள் பலரும் இவர்களைத் தேடி வந்தவண்ணம் இருக்கின்றனர்.

2010-ஆம் ஆண்டு பெப்ருவரியில் நேச்சர் என்னும் புகழ்வாய்ந்த அறிவியல் இதழில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. தென்னாப்பிரிக்காவின் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு அவர்களின் மரபணுத் தொகுதியும், நமீபியாவைச் சேர்ந்த சான் முதியவர் நால்வரின் மரபணு விவரங்களும் அதில் இடம்பெற்றிருந்தன. பேராயர் ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சேர்ந்தவர். நிறவெறிக் கொடுமைக்கு எதிராக நின்று 1984-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர். 2021-இல் இறைவனடி சேர்ந்தார். கருப்பின மக்களுக்கும் மருத்துவ அறிவியலின் நன்மை கிட்ட வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடுதான் அவர் இசைந்தார் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரே ஆய்வில் இடம்பெற்ற ஐவரின் நிலையை ஒப்பிட்டுப் பாருங்கள். பேராயர் உலகமறிந்த கல்விமான். ஆய்வின் விளைவுகளை எடைபோட்டுப் பார்க்க வல்லவர். சான் முதியவர் நால்வரோ மொழிபெயர்ப்பாளர் சொல்லக் கேட்டு வாய்மொழியாக இசைவு தந்தவர்கள். அந்த இசைவு ஒளிப்பதிவு செய்யப்பட்டது.

சான் மக்களுக்கென்று ஒரு பேரவை அப்போதே இருந்தது. ஆய்வாளர்கள் அதனை அணுகவில்லை. ஆய்வு வெளியானபின், அதனோடு இணைக்கப்பட்ட குறிப்புகளில் தம் இனத்தைப் பற்றித் தாழ்வாகவும் தமக்குள் காக்க வேண்டியவற்றை வெளிப்படுத்தியும் எழுதியிருப்பதாகப் பேரவையின் தலைவர்கள் வருந்தி முறையிட்டனர். தனித்தனி ஆளிடம் இசைவு பெற்றோம், அதுவே போதும் என்பது ஆய்வாளர் தரப்பின் மறுமொழி. எழுதப்பட்டதோ அந்நால்வரைப் பற்றி மட்டுமன்று. அவர்தம் இனம் முழுவதையும் பற்றியது. ஓர் இனத்தைப் பற்றி எழுத நால்வர் இசைவு போதுமா? நம் ஊரில் நான்கு பேரைக் கேட்டுவிட்டு ஊர்ப் பொதுக்கிணற்றை எழுதி வாங்கிக்கொண்டால் நாம் சும்மா இருப்போமா?

சான் மக்கள் வருந்தியதோடு நின்றுவிடவில்லை. 2017-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கேப்டவுன் நகரில் தங்கள் ஆய்வு நெறிமுறையைத் தாங்களே எழுதி வெளியிட்டனர். அவர்களுள் மூன்று குலத்தார் கூடி ஆக்கியது அது. மதிப்பு, நேர்மை, நீதி, அக்கறை, முறைப்படி நடத்தல் என்ற தலைப்புகளில் மிக எளிய சொற்களில் அது அமைந்திருக்கிறது. அதனை ஆக்குவதில் முன்னின்று, அது வெளிவருமுன் 2016-இல் மறைந்த ஒரு சான் தலைவர், ஆய்வாளர்கள் சன்னல் வழியே நுழையாமல் வாசல் வழியே வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டாராம். வாசல் என்பது அவர்கள் பேரவையின் முறையான அனுமதி. வாசலில் வருகிறவனை விருந்தினன் என்கிறோம். சன்னலில் வருகிறவனுக்கு நம் மொழியில் என்ன பெயர் என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

இவற்றையெல்லாம் படிக்கும் ஒருவர், அப்படியானால் வாசலையே அடைத்துவிடுவோம், யாருக்கும் ஒரு துளியும் கொடுக்க வேண்டாம் என்று முடிவு கட்டிவிடலாம். அதில் வேறொரு தீங்கு இருக்கிறது. 2009-ஆம் ஆண்டில் கணக்கிட்டபோது, நோய்களுக்கும் மரபணுக்களுக்கும் உள்ள தொடர்பைத் தேடிய ஆய்வுகளில் பங்குபெற்றவர்களுள் நூற்றுக்கு 96 பேர் ஐரோப்பிய வழியினர். 2016-இலும் அது 81 என்ற அளவிலேயே இருந்தது. ஆப்பிரிக்க வழியினர் நூற்றுக்கு 3 பேர்தான். வெள்ளையரின் உடலை மட்டும் படித்து எழுதப்படும் மருத்துவ நூல் மற்றவர் உடலுக்குப் பல இடங்களில் பொருந்தாது. ஏழை நாடுகள் விலகி நின்றால் அந்நூல் அவர்களை விட்டுவிட்டே எழுதப்படும்.

அவர்கள் பங்குபெற்றால் உலகுக்கே நன்மை விளைகிறது என்பதற்கு ஒரு சான்று உண்டு. அமெரிக்காவில் வாழும் ஆப்பிரிக்க வழியினருள் ஒரு சிறு பகுதியினர்க்குப் பிறவியிலேயே ஒரு மரபணு செயலற்றிருப்பதை டெக்சாசு அறிஞர்கள் 2005-ஆம் ஆண்டில் கண்டனர். 2006-இல் வெளியான ஆய்வின்படி, கருப்பினப் பங்கேற்பாளருள் நூற்றுக்கு 2.6 பேர் அத்தகையோர். அவர்களுடைய இரத்தத்தில் தீய கொழுப்பு நூற்றுக்கு 28 பங்கு குறைவு. இதயக் குழாய் நோயோ நூற்றுக்கு 88 பங்கு குறைவு. இயற்கை சிலருக்கு அளித்த இக்கொடையைப் பார்த்தே மருந்து செய்தார்கள். 2015-இல் அமெரிக்காவில் அம்மருந்துகள் விற்பனைக்கு வந்தபோது, ஒருவருக்கு ஆண்டொன்றுக்கு ஆன விலை 14,000 டாலருக்கும் மேல். யாருடைய இரத்தம் வழி காட்டியதோ அவர்களுள் ஏழைகளுக்கு அம்மருந்து எட்டாக்கனி. பின்னர் விலை இறங்கியது. எனினும் ஆப்பிரிக்கச் சிற்றூர் ஒன்றின் மருந்தகத்தில் அதனைக் காண இயலாது.

அரிவாள் செல் நோயின் கதை இதனினும் கசப்பானது. சிவப்பணுக்கள் அரிவாள் போல் வளைந்து, குழாய்களை அடைத்து, குழந்தைகளைத் தாங்கொணா வலியில் துடிக்க வைக்கும் நோய் இது. உலகில் இந்நோயோடு பிறக்கும் குழந்தைகளுள் நான்கில் மூன்று பங்கினர் ஆப்பிரிக்காவில் பிறக்கின்றனர். மரபணுவைத் திருத்தியமைத்து இதனைப் போக்கும் சிகிச்சை 2023-ஆம் ஆண்டு இறுதியில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றது. வியக்கத்தக்க சாதனைதான்! விலை, ஒரு நோயாளிக்கு 22 இலட்சம் டாலர். நைஜீரியத் தாய் ஒருத்தி அந்தத் தொகையை எண்ணவும் கற்றிருக்கமாட்டாள்.

ஆப்பிரிக்கர் தாமே பொறுப்பேற்று நடத்திய முயற்சி ஒன்றும் உண்டு. 2010-இல் அறிவிக்கப்பட்டு 2022 வரை நடந்த ஹெச்-3-ஆப்பிரிக்கா என்னும் திட்டத்தில், பணம் அமெரிக்க அரசிடமிருந்தும் பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளையிடமிருந்தும் வந்தது. ஆய்வை ஆப்பிரிக்க அறிஞர்களே தலைமையேற்று நடத்தினர். குருதி மாதிரிகளைக் காக்க நைஜீரியா, உகாண்டா, தென்னாப்பிரிக்கா ஆகிய மூன்று நாடுகளில் உயிரி வங்கிகள் எழுந்தன. 2020-இல் அவர்கள் 50 மொழிக் குழுவினரைச் சேர்ந்த 426 பேரின் மரபணுத் தொகுதிகளைப் படித்து, அதுவரை உலகம் அறியாத 30 இலட்சம் மாறுபாடுகளைக் கண்டதாக அறிவித்தனர். வீட்டு விதையை வீட்டுக் குதிரிலேயே வைத்துக்கொண்டு அண்டை அயலாருக்குக் கொடுத்து உதவுவது போன்றது இது. வெளியிலிருந்து வரும் பணம் நின்றபின் அக்குளிர்ப் பெட்டிகளுக்கு மின்சாரம் செலுத்துவது யார் என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. ஏழை நாட்டில் அது சிறிய கேள்வியன்று.

ஒப்புதல் என்பதைப் பற்றி இன்னும் சிறிது சொல்ல வேண்டும். அமெரிக்காவிலேயே, அரிசோனா மாநிலத்தின் பெரும் பள்ளத்தாக்கில், ஹவாசுபாய் என்னும் செவ்விந்தியக் குலத்தார் இருக்கின்றனர். செல்வ நாட்டுக்குள் வாழும் ஏழை மக்கள். அவர்களிடையே நீரிழிவு மிகுதி. அதன் காரணத்தை ஆராய்வோம் என்று சொல்லி 1990-ஆம் ஆண்டு முதல் அம்மாநிலப் பல்கலைக்கழகத்தார் குருதி எடுத்தனர். கையொப்பமிட்ட தாளிலோ இன்னும் பரந்த சொற்கள் இருந்தன. பின்னாளில் அதே குருதியை மனநோய் பற்றியும், உறவுக்குள் மணம் புரிவது பற்றியும், அவர்கள் முன்னோர் எங்கிருந்து வந்தனர் என்பது பற்றியும் ஆராய்ந்தார்கள். தங்கள் குலம் அப்பள்ளத்தாக்கிலேயே தோன்றியது என்பது அம்மக்களின் சமய நம்பிக்கை. வழக்கு தொடுத்தனர். 2010-ஆம் ஆண்டு ஏப்ரலில் பல்கலைக்கழகம் 41 பேருக்கு 7 இலட்சம் டாலர் கொடுத்து இணக்கம் செய்துகொண்டது. குருதிக் குப்பிகளையும் திருப்பித் தந்தது. பணத்தைவிடக் குப்பிகளைத் திரும்பப் பெற்றதே அம்மக்களுக்குப் பெரிதாக இருந்திருக்கும் என்று நாம் எண்ணுகிறோம்.

தாளில் இருக்கும் சொல் ஒன்று, வாயால் சொல்லும் சொல் மற்றொன்று. எழுத்தறியாதவன் வாய்ச்சொல்லை நம்பிக் கைநாட்டு வைக்கிறான். சட்டம் தாளை நம்புகிறது. இன்னொன்றும் உண்டு. மருத்துவரே எட்டிப் பாராத ஊருக்கு ஒரு வண்டி வருகிறது. குழந்தையின் சளிக்கு மருந்து கொடுக்கிறார்கள், தாத்தாவின் கண்ணைப் பார்க்கிறார்கள், போகும்போது ஒரு குப்பி இரத்தம் கேட்கிறார்கள். கொடுக்க மாட்டேன் என்று அந்த வீட்டுத் தாயால் சொல்ல முடியுமா? நன்றியுணர்வே அவள் நாவைக் கட்டிவிடும். அதனைச் சுதந்திரமான இசைவு என்று எழுதிக்கொள்வது நம் மனத்துக்கு ஒவ்வவில்லை. மருந்து கொடுக்கும் கையும் குருதி கேட்கும் கையும் வெவ்வேறாக இருப்பது நலம்.

நம் நாட்டுக்கும் இக்கதையில் இடமுண்டு. இந்தியாவில் அரிவாள் செல் தன்மை இருப்பதை முதலில் எடுத்துரைத்த கட்டுரை 1952-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது. நம் நீலகிரி மலைவாழ் மக்களின் குருதியைக் கொண்டே அது எழுதப்பட்டது. அதை எழுதியோர் நோயைத் தீர்க்க வந்தவர்களைவிட, இனங்களின் தொன்மை உறவைத் தேடி வந்தவர்கள் என்பதே பொருந்தும். அவ்வறிவு மருந்தாக மாறி அம்மலைக் குடிசைகளுக்குத் திரும்பி வரப் பல பத்தாண்டுகள் சென்றன. கூடலூரில் ஆதிவாசி மக்களுக்காகவும் அவர்களையே பணியாளர்களாகக் கொண்டும் நடக்கும் மருத்துவமனை போன்றவை தோன்றியபின்தான் நோயாளரைத் தேடிக் கண்டு பேணும் வேலை முறையாக நடக்கலாயிற்று.

2023-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், அரிவாள் செல் நோயை 2047-க்குள் ஒழிக்கும் தேசியத் திட்டத்தை நடுவண் அரசு மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தொடங்கியது. தமிழகம் உட்பட 17 மாநிலங்களின் பழங்குடிப் பகுதிகளில் 40 வயதுக்கு உட்பட்ட 7 கோடிப் பேரைச் சோதிப்பது குறிக்கோள். சோதிக்கப்பட்டவருக்கு அவரது நிலையைக் குறிக்கும் அட்டை ஒன்று தரப்படும். நோயின் தன்மையைத் தம்முள் தாங்கியவர் இருவர் மணந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. ஆகையால் மணத்துக்கு முன் அட்டைகளை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். நோக்கம் நன்று, வலியில் துடிக்கும் ஒரு குழந்தையைக் கண்டவர் எவரும் இதைக் குறை கூறமாட்டார். தன்மையை மட்டும் தாங்கியவர் பொதுவாக நலமாகவே வாழ்வார் என்பதையும் கூடவே சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் அட்டையை மட்டும் கொடுத்தால் என்ன நேரும் என்பதைப் பெண்ணைப் பெற்ற எந்தத் தாயிடமும் கேட்டுப் பாருங்கள். நகையும் நிறமும் பார்த்தது போதாதென்று இனி அணுவையும் பார்ப்பார்கள். ஆணின் அட்டையைக் கேட்க மறந்துவிட்டுப் பெண்ணின் அட்டையை மட்டும் கேட்பார்கள்.

பழங்குடியினர் மட்டுமல்லாமல் எல்லா மக்களின் மரபணுக்களும் இப்போது சேகரிக்கப்படுகின்றன. ஜீனோம் இந்தியா என்னும் திட்டம் 2020-இல் தொடங்கி, 80-க்கு மேற்பட்ட சமூகங்களிலிருந்து 10,000 பேரின் மரபணுத் தொகுதிகளைப் படித்திருக்கிறது. 2025-ஆம் ஆண்டு ஜனவரியில் அவ்விவரங்கள் ஆய்வாளர்களின் பயன்பாட்டுக்குத் திறந்து வைக்கப்பட்டன. நம் உடலைப் பற்றிய அறிவு நம் நாட்டிலேயே வளர்வது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் நாட்டுக்குள்ளேயும் வாசலும் சன்னலும் உண்டு. வெளிநாட்டார் கேட்டால் மட்டும்தான் அறம் பேசுவது என்பது முறையாகாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறநெறி வழிகாட்டியில், கொடுக்கப்பட்ட குருதிக்கும் விவரங்களுக்கும் உரிமையாளர் கொடுத்தவரே, உயிரி வங்கி அவற்றின் காவலர் மட்டுமே என்று கூறப்பட்டிருக்கிறது. கொடுத்தவர் பின்னர் மனம் மாறினால் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். ஊர்ப் பெரியவர் இசைந்தார் என்பதற்காகத் தனி மனிதரின் இசைவைக் கேளாமல் விடலாகாது என்றும் அது வலியுறுத்துகிறது. இவ்வளவு தெளிவாக எழுதப்பட்டிருப்பது நம் மக்களுள் எத்தனை பேருக்குத் தெரியும்?

பெரிய மருத்துவமனைகளில் அறுவைக்கோ பரிசோதனைக்கோ செல்லும்போது, நீட்டப்படும் தாள்களுக்கு நடுவே, மிகுந்த குருதியையும் திசுவையும் ஆய்வுக்கு வைத்துக்கொள்ள இசைகிறேன் என்று ஒரு தாளும் இருக்கக்கூடும். அவசரத்தில் எல்லாவற்றிலும் கையொப்பமிடுவதே நம் வழக்கம். அந்த ஒரு தாளுக்கு மட்டுமாவது சற்று நின்று கேட்கலாம். எந்த ஆய்வுக்கு? எத்தனை ஆண்டு வைத்திருப்பார்கள்? நாட்டைவிட்டு வெளியே போகுமா? பிள்ளைகளைப் பாதிக்கும் ஏதேனும் தெரிந்தால் நமக்குச் சொல்வார்களா, மாட்டார்களா? இசைய மறுத்தால் சிகிச்சையில் குறை வருமா என்றும் கேட்டுவிட வேண்டும். வரக்கூடாது என்பதே விதி. வீட்டில் மனைவியோடும் உடன்பிறந்தாரோடும் பேசிவிட்டு நாளை வருகிறேன் என்று சொல்வதற்கு நாணப்பட வேண்டியதில்லை. உடன்பிறந்தாருக்கும் அதில் சராசரியாகப் பாதி உண்டு. கொடுக்கலாம் என்று தோன்றினால் மனமுவந்து கொடுக்கட்டும். நாளை பிறக்கும் ஒரு குழந்தையின் வலியை அது குறைக்கக்கூடும். தகவல் தாளில் ஆய்வுத் தலைவரின் பெயரும், அறநெறிக் குழுவினரோடு தொடர்புகொள்ளும் வழியும் குறிக்கப்பட்டிருக்கும். அதன் படி ஒன்றைக் கேட்டு வாங்கி, திருமுழுக்குச் சான்றிதழும் குடும்ப அட்டையும் இருக்கும் பெட்டியிலேயே வைக்கலாம். இருபது ஆண்டு கழித்து அது வேண்டும் என்று கேட்பவர் பேரனாகவும் இருக்கலாம்.